எதுக்கு என்று கேட்டவர்

அவர் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து முதலில் கழன்றது முன்பக்கக் கூடை. பிறகு பின்னால் இருந்த சாமான் கம்பி. பிறகு சங்கிலியை மூடியிருந்த தகரம். கடைசியாக இரண்டு கண்ணாடிகளும் போயின. பாடாங் செராய் சந்திப்பில் போலீஸ்காரர் நிறுத்திக் கண்ணாடி எங்கே என்று கேட்டிருக்கிறார். "பின்னாடி வர்றவன் என்னைப் பாத்துக்கிட்டுத்தானே வர்றான், நான் எதுக்கு அவனப் பாக்கணும்?" என்று இவர் தனக்குத் தெரிந்த மலாயில் பதில் சொல்லியிருக்கிறார். சம்மனோடு எங்கள் வீட்டு வாசலில் நின்று இதை அவர் சொன்னபோது, அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அவர் சிற்பி. தஞ்சாவூர்ப் பக்கத்து ஊரொன்றிலிருந்து, கோயில் கட்டும் காண்ட்ராக்டர் ஒருவரோடு வேலை பெர்மிட்டில் மலேசியாவுக்கு வந்தவர். கெடா மாநிலத்தில் பல கோபுரங்களில் அவர் கைபட்ட பொம்மைகள் நிற்கின்றன. எல்லா நகையோடும், எல்லா மடிப்போடும், கிளியோடும் தாமரையோடும். பாடாங் மேஹா பக்கத்தில் இருந்த, பாமாயிலுக்காகச் செம்பனை வளர்க்கும் எங்கள் தோட்டத்துக் கோயிலைப் புதுப்பிக்க அந்தக் கூட்டம் வந்தது. வேலை முடிந்து மற்றவர்கள் அடுத்த ஊருக்குப் போனபோது, கோயில் நிர்வாகம் இவரை மட்டும் நிறுத்திக்கொண்டது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீட்டில் குடியேறினார். அதற்கு முந்தைய வீடு எங்களுடையது.

அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அம்மா உதிரிப்பழம் பொறுக்குகிறவர். நான் அப்போது பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் பெருமைக்காகச் சொன்னதுபோல் இருக்கும்.

தோட்டத்தில் அவரைச் சிலைக்காரர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'எதுக்கு' என்பார்கள். ஏனென்றால் எதைப் பார்த்தாலும் அவர் கேட்பது அந்த ஒரு கேள்விதான். கோபமாகக் கேட்க மாட்டார். உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல, தலையைச் சற்றுச் சாய்த்து, "இது எதுக்கு?" என்பார். பதில் வராவிட்டால் அந்தப் பொருளைக் கழற்றிவிடுவார். சட்டையின் பையைக் கத்தரித்துவிட்டார். நிர்வாகம் கொடுத்த அலமாரியின் கதவுகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டார். எதிர் லயத்தில் இருந்த வங்காளதேசத் தொழிலாளிகள் அந்தக் கதவுகளைக் கேட்டு வாங்கிக் கட்டில் செய்துகொண்டார்கள். மலாயில் அவர் முதலில் கற்றுக்கொண்டதும் அதே கேள்விதான். 'பூவாட் ஆப்பா?' அவர்கள் வீட்டு வாசலில் தொங்கிய வண்ண விளக்குச் சரத்தைப் பார்த்து "பூவாட் ஆப்பா?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் விழிக்க, இவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்பார்.

அம்மாவுக்கும் அவருக்கும் தினமும் சண்டை. அம்மா அவரை அண்ணே என்பார், அவர் அம்மாவைத் தங்கச்சி என்பார். மதியச் சோறு எங்கள் வீட்டில்தான்.

"தங்கச்சி, ரசத்துல தக்காளி இருக்கு, புளியும் இருக்கு. ரெண்டும் எதுக்கு?"

"நாளைலேர்ந்து வெறும் தட்டு வைக்கிறேன்ணே. அதுவும் வேணாம்னா சொல்லுங்க, இலய காட்டிட்டு எடுத்துர்றேன்."

"கோவிச்சுக்காத. நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா வாய மூடிக்கிட்டு சாப்புடுங்கலா. பேச்சு எதுக்கு?"

அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அம்மாவை மெச்சுவதுபோல் பார்த்துச் சிரிப்பார். அம்மாவிடம் மட்டும்தான் அவர் அடிக்கடி தோற்பார்.

என்னிடமும் ஒருமுறை தோற்றார். கட்டுரைப் போட்டிக்கு நான் எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, முதல் பத்தி முழுவதையும் விரலால் மறைத்துக்கொண்டு, "இது எதுக்கும்மா?" என்றார்.

"போட்டிக்கு இவ்வளவு சொல்லு இருக்கணும்னு கணக்கு இருக்கு மாமா."

"செலைக்கு இவ்வளவு கனம் இருக்கணும்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க. அதுக்குத்தான் உங்க காண்ட்ராக்டர் சாமிக்கு ரெண்டு கை போதாதுன்னு பத்துக் கை வெக்கச் சொன்னாரு."

அவர் சிரித்துவிட்டார். நான் ஒரு சொல்லையும் எடுக்கவில்லை. பரிசும் வாங்கினேன்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். விமான நிலையத்தில் வந்தது என்றார். ஊரிலிருந்து கிளம்பும்போது அவர் பை எடை கூடிவிட்டது. முகப்பில் இருந்த பெண் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு உளியாக எடுத்துத் தூக்கிக் காட்டி, இது எதுக்கு, இது எதுக்கு என்று கேட்டிருக்கிறாள். அவருடைய அப்பா வைத்திருந்த உளி, மாமனார் கொடுத்த உளி, கூர் மழுங்கியும் தூக்கிப்போட மனம் வராத உளி. "ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லப் பாத்தேன். பாதிக்கு மேல எனக்கே பதில் தெரியல. அதெல்லாம் அங்கயே விட்டுட்டு வந்தேன். ஏரோப்ளேன்ல உக்காந்ததும் அழுக வந்துச்சு. எறங்குறப்ப, அட, இவ்வளவு லேசா இருக்கேனேன்னு இருந்துச்சு."

அந்த வருடம் எனக்குக் கலைக்கல்வியும் ஒரு பாடம். பாடநூலில் நவீனச் சிற்பம் என்று ஓர் அத்தியாயம் இருந்தது. அதில் ஒரு படம். சீவிச் சீவி வழவழப்பாக்கிய ஒரு தலை, தரையில் படுத்திருக்கிறது. முட்டையா தலையா என்று சொல்ல முடியாது. அதைச் செய்தவர் ஏதோ ஏழை நாட்டுக் கிராமத்திலிருந்து பெரிய நகரத்துக்குப் போய்க் குடியேறியவர் என்று கீழே எழுதியிருந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்கு ஓடினேன்.

"மாமா, உங்கள மாதிரியே ஒருத்தர்!"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பக்கத்தைத் திருப்பித் தலைகீழாகவும் பார்த்தார்.

"இவரும் வெளியூர்லேர்ந்து வந்தவரா?"

"ஆமா. அப்புடித்தான் போட்டுருக்கு."

"அதான்."

"அதான்னா?"

"அவரு பையயும் யாரோ தெறந்து பாத்திருக்காங்க."

படத்துக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் முழுக்க விளக்கம் இருந்தது. நான் மலாயிலிருந்து தமிழில் சொல்லத் தொடங்கினேன். இரண்டு வரி கேட்டுவிட்டு, "படம் தெரியுதே, இதெல்லாம் எதுக்கு?" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், "அந்தப் பொஸ்தகத்தக் கொஞ்சம் குடும்மா" என்று கேட்டு வாங்கிப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் கல் வந்தது. தோட்டத்தில் பழைய செம்பனைகளைத் தள்ளிவிட்டு மறுநடவு செய்துகொண்டிருந்தார்கள். மண் தோண்டும் இயந்திரம் ஒரு பெரிய கருங்கல்லைப் புரட்டி மேலே போட்டது. ஆள் உட்கார்ந்தால் இருக்கும் உயரம். கோயில் தலைவர் அதைக் கேட்டு வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். தலைவர் தோட்டத்தில் மண்டோர். வேலைக்கு ஆள் பிரித்துவிடுகிறவர். கோயிலிலும் அதே குரலில்தான் பேசுவார்.

"செலைக்காரரே, நம்ம முனியாண்டி. அருவா, சுருட்டு, மீச. கண்ணு ரெண்டும் வெளிய வரணும். பாக்குறவன் பயந்து மூத்திரம் போவணும். சரியா?"

சிலைக்காரர் கல்லைச் சுற்றிவந்தார். தட்டிப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதுவரை அவர் செய்தது எல்லாம் காண்ட்ராக்டர் சொன்னபடி, படத்தைப் பார்த்து, சிமெண்டில் செய்தவை. முழுக் கல்லை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை. இது அம்மாவிடம் அவரே சொன்னது.

கோயிலுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, நீலக் கன்வாஸ் கட்டி, உள்ளே வேலை செய்தார். எங்கள் வீட்டில் தம்பிகளின் சத்தம் தாங்காமல் நான் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பேன். உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் நின்றுவிடும். நின்றால் அவர் யாரையாவது பார்க்கக் கிளம்பிவிட்டார் என்று பொருள். ஆபீஸ் வாசலில் சம்பளத்துக்குக் காத்திருப்பவர்களைப் பார்ப்பார். கிளினிக் பெஞ்சில் இருப்பவர்களைப் பார்ப்பார். எங்கள் வீட்டில் அப்பா காலையில் மீ நூடுல்ஸ் சாப்பிடுவதைப் பார்ப்பார். அப்பாவுக்குக் கூச்சமாகிவிடும். "என்னா மாப்ள அப்புடிப் பாக்குறீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சாப்புடுங்க" என்பார்.

கன்வாஸை அவிழ்த்த அன்று தோட்டமே வந்திருந்தது.

கல் உட்கார்ந்திருந்தது. அருவாள் இல்லை, சுருட்டு இல்லை, மீசை இருக்கும் இடத்தில் ஒரு சின்ன நிழல் மட்டும். கைகள் முழங்காலோடு சேர்ந்து ஒன்றாகிவிட்டன. முகம் ஆற்றுக்கல்போல வழவழவென்று இருந்தது; கண் இல்லை. உடல் மட்டும் முன்னால் சாய்ந்திருந்தது. பெயர் கூப்பிட்டால் அடுத்த நொடி எழுந்துவிடுகிறவர்போல, இருக்கையின் நுனியில்.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்னாலா இது, கக்கூஸ்ல உக்காந்த மாதிரி இருக்கு?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "கண்ணு எங்க? கும்பாபிஷேகத்துல சாமிக்குக் கண்ணு தெறக்கணும்ல. ஐயரு ஊசிய வச்சிக்கிட்டு எங்க குத்துவாரு? உன் மூஞ்சியிலயா?"

சிலைக்காரர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் தோளைத் தொட்டார். சிரிக்காமல், மெதுவாக, என் காதில் சொன்னார்.

"ஒங்கப்பா மாதிரி இருக்குடி."

நான் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்துப் படியில் அப்பா உட்கார்ந்திருந்தார், நுனியில். அப்பா எங்கேயும் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆபீஸ், ஆஸ்பத்திரி, என் பள்ளிக்கூடம், எங்கே போனாலும் யாரோ வந்து எழுந்திரு என்று சொல்லப் போகிறார்கள் என்பதுபோல்தான் இருப்பார். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படியே இருந்தார்கள். அதுவரை எனக்கு அது கண்ணில் படவில்லை.

முனியாண்டியைச் சிமெண்டில் செய்து தரச் சுங்கை பட்டாணியிலிருந்து வேறு ஆட்களை அழைத்துவந்தார்கள். பிங்பாங் பந்துபோன்ற கண்களோடு அவர் கருவறைக்குப் போனார். கும்பாபிஷேகம் நன்றாகவே நடந்தது. கல்லை என்ன செய்வதென்று தெரியாமல், கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டார்கள். "அது சாமி இல்ல, வெறும் கல்லுதான். கெடக்கட்டும்" என்றார் தலைவர்.

வேப்பமரத்தடிதான் கூலிம் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும் இடம். கையுறைத் தொழிற்சாலைக்கு இரவு ஷிப்டு போகும் பெண்கள் சாயங்காலம் அங்கே கூடுவார்கள். லெட்சுமி அக்கா அவர்களில் ஒருத்தர். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்தான் முதலில் அந்தக் கல்லின் முன்னால் சூடம் வைத்தவர். மற்ற பெண்கள் கிண்டல் செய்தார்கள். "தலைவரு கல்லுங்கிறாரு, நீ என்னா சூடம் காட்டுற?" அக்கா, "நின்னுக்கிட்டுத்தானே இருக்கோம், பஸ்ஸு வர்ற வரைக்கும் காட்டுனா என்னா?" என்பார்.

ஒரு சாயங்காலம் நான் மண்டபத்தில் இருந்தேன். சிலைக்காரர் மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். லெட்சுமி அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரிடம் வந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன். கோவப்படக் கூடாது."

"கேளு."

"இவருக்குக் கண்ணு வையுங்கண்ணே."

"எதுக்கு?"

நான் புத்தகத்தை மூடினேன். அந்தக் கேள்விக்கு அம்மாவையும் என்னையும் தவிர வேறு யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

"எம்புள்ளைங்க ரெண்டும் வீட்டுல தனியாப் படுத்திருக்கும். நான் பஸ்ஸு ஏறுறப்ப இவருகிட்ட சொல்லிட்டுத்தான் ஏறுறேன், பாத்துக்கங்கன்னு. கண்ணு இல்லாதவருகிட்ட பாத்துக்கங்கன்னு சொன்னா, அவரு பாத்துக்குவாருன்னு எனக்கு எப்புடித் தெரியும்? விடிய விடிய கையொற உருவிக்கிட்டே அதயேதான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

பஸ் வந்தது. அக்கா ஏறிப் போனார். சிலைக்காரர் பீடியைக் கீழே போட்டார். பஸ் திரும்பிய வளைவைப் பார்த்தார். லயத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நேரே மண்டோர் வீட்டுக்குப் போய், மரங்களில் எண் போடும் வெள்ளைச் சாயமும் கறுப்புச் சாயமும் கேட்டு வாங்கிவந்தார். தலைவர் எதற்கென்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மறுநாள் சாயங்காலம் பெண்கள் வருவதற்கு முன்னால் அவர் கண் எழுதினார். வலது கண்ணை எழுதிவிட்டு, பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்று, ஜன்னலோரம் உட்கார்ந்தவர்போலக் குனிந்து பார்த்தார். வந்து திருத்தினார். மறுபடி போனார். அது முடிந்ததும் லெட்சுமி அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, அங்கிருந்து கல்லைப் பார்த்தார். பிறகு வந்து இடது கண்ணை எழுதினார். அவ்வளவுதான். மீசை எழுதவில்லை. அருவாளும் எழுதவில்லை.

நேராக நின்று பார்த்தால் அந்தக் கண்கள் கோணலாக இருக்கும். ஒன்று ரோட்டைப் பார்க்கும், மற்றது லயத்தைப் பார்க்கும். பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால் உங்களைப் பார்க்கும். வீட்டு வாசலில் நின்று பார்த்தாலும் உங்களைப் பார்க்கும்.

லெட்சுமி அக்கா அன்று பஸ் ஏறிக் கடைசி வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மறுநாள் காலையில், வேலை முடிந்து இறங்கியதும், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு ஒரு பொட்டலம் வாங்கிவந்து கடைசி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதில் இருந்த நெத்திலி, கடலை, வெள்ளரிக்காய் எதையும் சிலைக்காரர் ஒதுக்கவில்லை. அம்மா இதைப் பல நாள் சொல்லிச் சொல்லிக் காட்டினார். "என் ரசத்துல இருக்குற தக்காளிதான் இவருக்கு ஆவாது."

அவர் இருந்தவரை மழையில் சாயம் மங்கும்போதெல்லாம் அவரே எழுதினார். பிறகு பெர்மிட் முடிந்தது. கோயில் நிர்வாகம் அவருக்காக மறுபடி எழுதிக் கேட்கவில்லை. கல்லை மட்டும் அவர்கள் கேட்டபடி செய்திருந்தால் எழுதியிருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் மோட்டாரை வங்காளதேசத்துத் தம்பிகளுக்குக் கொடுத்தார். அவர்கள் உடனே இரண்டு கண்ணாடியும் கூடையும் மாட்டினார்கள். கிளம்பும் நாளில் அம்மா மிளகாய்த்தூள், கருவாடு, மைலோ டின், ஊரில் இருக்கும் அவர் மகளுக்கு ஒரு சட்டைத்துணி எல்லாவற்றையும் அவர் பையில் திணித்தார். நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பையைப் பூட்டி எடுத்துக்கொண்டார். எடை கூடாமலிருக்க உளிகளில் இரண்டை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பூட்டினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் பினாங்கில் கலை வரலாறு படித்தேன். பட்டமளிப்பு விழாவுக்கு வந்த அப்பா மண்டபத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இப்போது நான் ஜித்ராவில், பழைய நெல் ஆலையை மாற்றிக் கட்டிய ஒரு தனியார் கலைக்கூடத்தில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு அங்கே வட மாநிலத்தின் தொடக்ககால நவீனச் சிற்பங்களுக்கு ஒரு கண்காட்சி ஏற்பாடானது. பொறுப்பாளர் சல்மா அம்மையார், மலாயில் புவான் சல்மா, தலைநகரில் பல கண்காட்சிகள் செய்தவர். கூர்மையானவர், நியாயமானவர். தோட்டத்து மக்களிடையே நவீனச் சிற்பம் எங்கே தொடங்கியது என்று என்னைக் கேட்டார். அந்த இடம் அவருடைய வரைபடத்தில் காலியாக இருந்தது. "எங்க கோயில் வாசல்ல, வேப்பமரத்தடியில" என்றேன்.

அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்பக்கம் தோளைக் கையால் தடவினார். அவர் முகம் மாறியது. "நடு அறையில் வைக்கிறோம்" என்றார். பிறகு முன்னால் வந்து நின்று முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இந்தக் கண்களை யார் பாவம் இப்படிக் கோணலாக எழுதிவைத்தது? சாயத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிடலாம். சிற்பி விட்டுவைத்தபடி இருக்க வேண்டும்."

"சிற்பிதான் எழுதினார், புவான்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. கல்லைச் செதுக்கியபோது அவர் கலைஞராகச் செய்தார், கண் எழுதியபோது பிறருக்கு இரங்கிச் செய்தார், இரண்டும் ஒன்றல்ல என்றார். சிலைக்காரர் போன பிறகு லெட்சுமி அக்காதான் ஆண்டுதோறும் அதே கோட்டின் மேல் சாயம் பூசுகிறார் என்பதும் புவான் சல்மாவின் வாதத்துக்குச் சாதகமாகிவிட்டது. கண்ணோடு வருவதென்றால் பக்கத்து அறையில், நாட்டுப்புறக் கைவினை வரிசையில், மண்குதிரைகளோடு வைக்கலாம். நடு அறை வேண்டுமென்றால் கண் கூடாது. அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. அந்த நடு அறை சிலைக்காரருக்குரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லெட்சுமி அக்காவிடம் போனேன். அவர் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். மூத்தவன் அதே தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். "கொண்டுட்டுப் போலா. நாலு பேரு பாக்கட்டும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா கண்ணோட போவணும், கண்ணோட வரணும். அத மட்டும் நீ பாத்துக்க."

கடைசியில், சிலைக்காரரிடமே கேட்டுவிடுவோம் என்று புவான் சல்மாவிடம் சொன்னேன். அம்மாவின் போனில் அவர் எண் எப்போதும் இருந்தது; தீபாவளிக்குத் தீபாவளி அம்மா பேசிச் சண்டை போடுவார். கலைக்கூடத்தின் அலுவலறையில், மேசைமேல் போனை நிறுத்திவைத்து வீடியோவில் அழைத்தேன். முடி முழுக்க நரைத்திருந்தது. பின்னால் கல் அறுக்கும் சத்தம்.

"யாரு? அட, நீயாம்மா! ஒங்கம்மா ரசம் எப்புடி இருக்கு?"

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். நடு அறையைப் பற்றியும் சொன்னேன், பக்கத்து அறையைப் பற்றியும் சொன்னேன். என் விருப்பத்தைச் சொல்லவில்லை. புவான் சல்மா குனிந்து, வணக்கம் சொல்லி, அவருக்குப் புரியும்படி மெதுவான மலாயில் தானே கேட்டார். ஐயா, உங்கள் கல் மிக அழகாக இருக்கிறது. அந்தக் கண்களை மட்டும் எடுத்துவிடலாமா?

அவர் தலையைச் சற்றுச் சாய்த்தார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவராகக் கேட்டார்.

"பூவாட் ஆப்பா?"

புவான் சல்மா வாயைத் திறந்தார். சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. என்னிடம் சொன்னபோது அரைமணி நேரம் சொன்னார். இப்போது ஏதோ தொடங்கினார், நிறுத்தினார், வேறு விதமாகத் தொடங்கினார். அங்கே அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். கல் அறுக்கும் சத்தம் ஓய்ந்து மறுபடி கேட்டது. புவான் சல்மா சிரித்துவிட்டார். போனை என் பக்கம் திருப்பிவைத்து, "கண் இருக்கட்டும்" என்றார். சற்றுப் பொறுத்து, "நடு அறையில்" என்றார்.

கல் வந்து இறங்கியதும் எங்கே எந்தக் கோணத்தில் வைப்பது என்பதை நான்தான் முடிவு செய்தேன். ஒரு கண் வாசலைப் பார்க்கிறது, மற்றது எதிரே இருக்கும் பெஞ்சைப் பார்க்கிறது. திறப்பு விழா அன்று அம்மாவும் அப்பாவும் லெட்சுமி அக்காவும் வேன் பிடித்து வந்தார்கள். அப்பா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். வழக்கம்போல் நுனியில், கைகள் முழங்காலில். கல்லும் அப்பாவும் எதிரெதிரே. புவான் சல்மா யாருக்கோ விளக்கிக்கொண்டே வந்தவர், இருவரையும் பார்த்து நின்றுவிட்டார். அதன் பிறகு அன்று முழுவதும் அந்தக் கல்லின் அருகில் அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

சுவரில் ஒட்டும் விளக்க அட்டையை நான்தான் எழுதினேன். நவீனச் சிற்பத்தின் தொடக்கத்தைப் பற்றி, புலம்பெயர்ந்து வந்தவர்களின் கண்களைப் பற்றி, குறைத்தலைப் பற்றி நல்ல நீளமான பத்தி. படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

இந்த முறை பத்தியை எடுத்தேன். கல் எங்கே கிடைத்தது என்ற வரியையும் எடுத்தேன். 'முனியாண்டி. கருங்கல், சாயம்' என்று ஒரு வரி நின்றது. அதன் மேல் அவர் பெயர்.

"அந்தப் பேரு எதுக்கு?" என்றார்.

"அது இருக்கும் மாமா."

"நான் கேக்குறேன்ல, எதுக்கு?"

"இருக்கும்னா இருக்கும். போன வைங்க."

அந்தப் பக்கம் அம்மாவிடம் தோற்கும்போது சிரிக்கும் அதே சிரிப்பு கேட்டது.

இங்கே நான் அவர் பெயரை எழுதவில்லை. அவர் கேட்டதில் பாதியையாவது செய்ய வேண்டும் அல்லவா. ஜித்ராவுக்கு வாருங்கள். நடு அறையில், கண்களுக்கு வலப்பக்கச் சுவரில், பெரிய எழுத்தில் இருக்கிறது.